கன்ஹாய் ஊருக்கு அப்பாவுடன்

கயானாவுக்கும் மலேசியாவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அதனால் அப்பா தம் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. "ராத்திரியப் பகல்னு நெனச்சுக்கிட்டா போதும் பிள்ள, முள்ளு அதே எடத்துலதான் நிக்குது" என்றார். கிள்ளானில் அம்மா படுக்கப் போகும் நேரத்தில் நாங்கள் அங்கே பசியாறிக்கொண்டிருப்போம்.

2024 ஜூனில் டி20 உலகக் கிண்ணப் போட்டி அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நடந்தது. இந்தியா அரையிறுதிக்குப் போனால் அந்த ஆட்டம் ஜூன் 27ஆம் தேதி கயானாவின் பிராவிடன்ஸ் அரங்கில்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். காலையில் அங்கே தொடங்கினால் இந்தியாவில் இரவு உணவு நேரத்துக்குத் தொலைக்காட்சியில் பார்க்கலாம் அல்லவா, அந்தக் கணக்கு. இந்தியா எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு.

அலுவலகத்தில் சொன்னபோது பாதிப் பேர், "ஆப்பிரிக்காவுக்கா போற?" என்று கேட்டார்கள். கானா இல்லை, கயானா. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாடு. தீவே இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் மேற்கிந்தியத் தீவுகள் அணியோடு சேர்ந்தது. நீலக் கடலும் வெள்ளை மணலும் வேண்டும் என்பவர்கள் பார்படோசுக்குப் போகட்டும். கயானாவின் கடற்கரை சேற்று நிறம்.

அப்பா உடனே சரி என்றார். எழுபத்தொரு வயது, மூட்டு வலி, இதுவரை சென்னையைத் தாண்டிப் போனதில்லை. நான் வாதாடத் தயாராக இருந்தேன், அவரோ ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "மேட்சு ரெண்டாவது. மொதல்ல போர்ட் மொரண்ட் போவணும்."

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் பழையது. அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1966இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்தில் விளையாடியபோது அவருக்கு வயது பதின்மூன்று. பெரிய கிராணி வீட்டில் மட்டும் நல்ல வானொலி இருந்தது. அங்கே காலை ஆட்டம் தொடங்கும் நேரம் இங்கே மாலை. அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பாராம். ஆங்கிலம் பாதி புரியாது, பெயர்கள் மட்டும் புரியும். சோபர்ஸ், ஹால், புட்சர், கன்ஹாய். ஒருநாள் கிராணி ஜன்னலைத் திறந்து, "இந்தக் கன்ஹாய் யாரு தெரியுமாடா? நம்மள மாதிரி கப்பல்ல போனவன் பேரன். கரும்புத் தோட்டத்துல பொறந்தவன். லயத்துப் பையன்" என்றிருக்கிறார்.

லயத்துப் பையன் இங்கிலாந்துக்குப் போய் விளையாடுகிறான், வெள்ளைக்காரன் எழுந்து நின்று கை தட்டுகிறான். பிரட்டுக் களத்தில் துரையின் முன் தொப்பியைக் கழற்றி நிற்கும் தன் அப்பாவைத் தினமும் பார்த்த ஒரு பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஊகித்துத்தான் பார்க்க முடியும். அன்றிலிருந்து அப்பாவின் அணி மேற்கிந்தியத் தீவுகள்தான். இந்தியாவுக்கு எதிராக ஆடினாலும் அப்படித்தான். வீட்டில் நான் இந்தியா, அவர் வெஸ்ட் இண்டீஸ்.

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடிக்கக் காரணமும் அவரே. 2008 மார்ச்சில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டம் பூச்சோங் பக்கத்துக் கின்ராரா ஓவலில் நடந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தியா தென்னாப்பிரிக்காவை வென்றது. கிண்ணத்தைத் தூக்கிய தலைவனின் பெயர் விராட் கோலி. அணியில் ஜடேஜா என்று ஒரு பையனும் இருந்தான். இவர்கள் பின்னாளில் யாராகப் போகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வெயில்தான் பெரிய கவலை.

ஊசியும் பயணமும்

போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கயானா மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடு. அங்கிருந்து திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழை நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாக ஊசி போட்டிருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. எங்கள் மருத்துவர் அப்பாவின் கோப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "கட்டாயம் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அப்பா, "ஐம்பத்தெட்டு வருஷமா காத்திருக்கேன் டாக்டர்" என்றார். இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு ஊசி கிடைத்தது. இரண்டு நாள் காய்ச்சலோடு தப்பினார்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளியை அங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள், அமெரிக்க டாலர் கொண்டு போங்கள். ஒரு டாலருக்கு 200 கயானா டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும். கடலில் எண்ணெய் கண்டுபிடித்து 2019 கடைசியில் எடுக்கத் தொடங்கியதிலிருந்து நாடு வேகமாக மாறுகிறது. தங்கும் விடுதிகளின் விலையும் அதே வேகத்தில் ஏறிவிட்டது. நாங்கள் லண்டன் வழியாகப் போய்ச் சேர்ந்து, ஜார்ஜ்டவுனில் ஒரு மர வீட்டு விடுதியின் மாடி அறையில் தங்கினோம்.

ஜார்ஜ்டவுன் மர வீடுகளும் வாய்க்கால்களும் நிறைந்த நகரம். கடல் ஏறும் நேரத்தில் நகரம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்குமாம். நீண்ட கடல்சுவர் காவல் நிற்கிறது, மதகுகள் வழியே தண்ணீரை வெளியே விடுகிறார்கள். பழைய போர்டா மைதானத்தைச் சுற்றியும் அகழி மாதிரி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. 1930இல் மேற்கிந்தியத் தீவுகள் முதன்முதலாக ஒரு டெஸ்ட் ஆட்டத்தில் வென்றது அந்த மைதானத்தில்தான். அப்பா வேலி ஓரமாக நடந்து நடந்து பார்த்தார். பக்கத்துச் சந்தையில் மாங்காய்ச் சட்னியோடு புலோரி வாங்கிக் கொடுத்தேன். பருப்பு மாவில் பொரித்த உருண்டை, நம் போண்டாவுக்குச் சித்தி மகள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டி விஷயமும் சொல்ல வேண்டும். அங்கே கல்லில் போட்டு எடுத்த ரொட்டியை இரண்டு கைக்கும் நடுவே வைத்துத் தட்டுகிறார்கள், அடுக்கு அடுக்காக விரிகிறது. நம் மாமாக் கடையில் ரொட்டி சானாயைத் தட்டுவது போலவே! சத்தத்தைக் கேட்டதும் அப்பா திரும்பிப் பார்த்து, "கூட ஒரு தே தாரிக் இருந்தா கிள்ளான்தான்" என்றார்.

மைதானத்தில் இரண்டு கிழவர்கள்

ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன் கிளம்பினோம். விடுதிக்காரர் ஏற்பாடு செய்த ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பாவை "அங்கிள்" என்றே கூப்பிட்டார். கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும், பெர்பிஸ் ஆற்றின் மிதவைப் பாலத்தைக் கடந்து. வழி முழுக்கத் தூண் மேல் நிற்கும் வீடுகள், நம் கம்பத்து வீடுகள் போல. கீழே ஊஞ்சல் தொட்டில் கட்டி, சமைத்து, சிரித்துப் பேசி, வாழ்க்கையே அந்தக் கீழ்த்தளத்தில்தான். வீட்டு முன்னால் மூங்கில் கம்பங்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள். பூசை முடிந்ததும் நடும் கொடிகளாம், ஜண்டி என்கிறார்கள்.

எண்மோர் என்ற இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஒரு நினைவுச் சின்னத்தைக் காட்டினார். 1948 ஜூன் 16ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இருந்த சர்க்கரைத் தோட்டத் தொழிலாளர்கள் ஐந்து பேர் போலீஸ் சுட்டு இறந்த இடம். அப்பா, "எங்க கிள்ளான்லயும் 1941ல சுட்டாங்க" என்றார். கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்கிறார். ஓட்டுநர் கண்ணாடியில் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. அதுவரை சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், தன் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

1838 மே 5ஆம் தேதி முதல் ஒப்பந்தக் கூலிகளோடு இரண்டு கப்பல்கள் கயானா வந்தன. 1917 வரை ஏறக்குறைய 2,39,000 பேரைக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர்கள். சிறு பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். அவர்களை இன்றும் மதராசி என்கிறார்கள். "நானும் மதராசிதான் அங்கிள்" என்றார் ஓட்டுநர். தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனால் அதைச் சொன்னபோது குரலில் ஒரு நிமிர்வு. அவருடைய கடைசிப் பெயர் நம் தாத்தாக்களில் யாருக்கும் இருந்திருக்கக்கூடிய பெயர். கயானாவின் பிரதமராக 2015 முதல் 2020 வரை இருந்தவர் மோசஸ் நாகமுத்து. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுழற்பந்து போட்டவர் வீராசாமி பெருமாள். மகேந்திர நாகமுத்து என்று இன்னொருவர். தொலைக்காட்சியில் இந்தப் பெயர்களை ஆங்கில உச்சரிப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

போர்ட் மொரண்ட் மைதானம் ஒரு சாதாரணப் பச்சைத் திடல். பெரிய வளைவோ பளிங்கோ கிடையாது. ஓரத்தில் இரண்டு பையன்கள் பந்தை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரே தோட்டத்திலிருந்து ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் மூவரும் வந்தார்கள். 1958இல் இந்தியாவுக்கு வந்த மேற்கிந்திய அணியில் மூவரும் இருந்தார்கள். கல்கத்தாவில் கன்ஹாய் 256 அடித்தது அப்போதுதான். பிறகு ஆல்வின் காளிச்சரண். 1975 உலகக் கிண்ணத்தில் டென்னிஸ் லில்லியின் பத்துப் பந்துகளில் 35 ஓட்டம் அடித்தவர். சுனில் கவாஸ்கர் தம் மகனுக்கு ரோகன் என்று பெயர் வைத்தது கன்ஹாய் நினைவாகத்தான். எங்கள் அண்ணனுக்கும் அதே பெயரை வைக்க அப்பா முயன்றார், பாட்டி முருகன் பெயர்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார்.

மைதானத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அப்பா வயதுதான். ஓட்டுநர் அறிமுகப்படுத்தினார். மலேசியா எங்கே என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கன்ஹாய் என்றதும் முகம் மலர்ந்தது. ஒரு தோட்டத்தில் இத்தனை ஆட்டக்காரர்கள் எப்படி என்று அப்பா கேட்டார். நீண்டநாள் கேள்வி அது. பெரியவர் சொன்ன பதில் கிளைட் வால்காட். பார்படோசின் புகழ்பெற்ற மட்டையாளர். 1954இல் சர்க்கரை முதலாளிகள் சங்கம் அவரை வேலைக்கு அமர்த்தி, தோட்டம் தோட்டமாகப் போய்க் கிரிக்கெட்டை ஒழுங்குபடுத்தச் சொன்னது. அதற்கு முன் தலைநகரத்துக் கிளப்புகளில் இருந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு.

முதலாளிகளுக்கு நல்ல மனம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எண்மோரில் ஐந்து பேர் இறந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. தொழிலாளர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. எந்தக் காரணத்தால் வந்தாலும் கதவு திறந்தது, பையன்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அப்பா திடலைப் பார்த்தபடி சொன்னார்: "நம்ம தோட்டத்துலயும் தெடல் இருந்துச்சி. பந்து ஒதைப்போம். வால்காட் மாதிரி ஒருத்தன் நம்ம பக்கம் வரல." குரலில் வருத்தம் இல்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். தொழிலாளர்கள் இருந்த வீடுகள் எங்கே என்று அடுத்துக் கேட்டார். லோகி என்பார்கள், நம் லயம்தான். அதெல்லாம் போய்விட்டது என்று பெரியவர் கையை விரித்தார். அப்பாவின் தோட்டமும் போய்விட்டது. முதலில் செம்பனை, இப்போது வீடமைப்புப் பகுதி.

பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். கன்ஹாய்க்கு ஒரு தனி அடி உண்டு. லெக் பக்கம் பந்தைச் சுழற்றி அடித்துவிட்டு, அந்த வேகத்தில் தானே தரையில் விழுவார். பந்து எல்லைக்கு வெளியே, ஆள் முதுகுப்புறமாகத் தரையில். அது எப்படி என்று அப்பா கேட்டார். பெரியவர் பையன்களிடமிருந்து மட்டையை வாங்கி ஆடிக் காட்டினார், பாதி விழுந்து சமாளித்தார். "அப்படி இல்ல" என்று அப்பா மட்டையைப் பிடுங்கினார். வானொலியில் மட்டுமே கேட்ட அடியை, நேரில் பார்த்திருக்கக்கூடிய மனிதருக்குத் திருத்திக் காட்டுகிறார்! "அப்பா, முட்டி!" என்று நான் கத்துவதற்குள் சுழன்று, புல்லில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பையன்களும் கை தட்டினார்கள். தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டது. மூன்று நாள் தைலம் தேய்த்தேன். காணொளி என் கைப்பேசியில் இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.

தாலாட்டு என்றால் என்ன?

திரும்பும் வழியில் ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்று ஞாயிறு, தன் பெரியம்மா கொய்லோவில் இருப்பார், ஐந்து நிமிடம் போய்விட்டு வரலாமா என்று. "கொய்லோவா?" என்றேன். அப்பாவுக்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது. கோயில்.

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே தப்புச் சத்தம் கேட்டது. தென்னையோலை எரித்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் தோட்டத்தில் திருவிழாவுக்கும் தப்பு அடித்தார்கள், சாவுக்கும் அடித்தார்கள். ஆனால் அடிப்பவர்களைக் கோயிலுக்குள் விடுவதில் அந்தக் காலத்தில் ஆயிரம் தகராறு. இங்கே தப்பு அம்மன் சன்னிதிக்கு நேர் எதிரே நிற்கிறது. அடிப்பவருக்கு மரியாதை. கப்பலில் எதையெல்லாமோ இழந்தவர்கள் இதையும் சேர்த்துத் தொலைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், நல்லதுதான்.

வாசலில் ஓர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "விரதம் இருந்தீர்களா?" மூன்று நாள் மச்சம் மாமிசம் தொடாமல் இருந்தால்தான் உள்ளே. முந்தின இரவு வாத்துக் கறி சாப்பிட்டிருந்தோம். அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். வெளியே கொட்டகையில் உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகத்தான். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. மாரியம்மா. கத்தேரி. மத்ராவீரன் என்று சொன்னது மதுரைவீரன். முனீஸ்பிரன், நம் முனீஸ்வரன். சங்கனி என்பது சங்கிலிக் கருப்பனாக இருக்கும் என்பது அப்பாவின் ஊகம். வேப்பிலை, எலுமிச்சை, கரகம், மஞ்சள் தண்ணீர். நம் தோட்டத்துக் கோயிலின் வரிசை அப்படியே, பதினேழாயிரம் கிலோமீட்டர் தாண்டி. பாட்டும் தமிழ்தான். ஆனால் தேய்ந்து போன நாணயம் போல, தலையா பூவா என்று தெரியாத தமிழ்.

பூசை முடிந்து சோறும் பருப்பும் பூசணிக்காயும் பரிமாறினார்கள். அதற்குப் பிறகு பூசாரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஓட்டுநர் சொல்லியிருக்கிறார், இந்த அங்கிளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று. நோட்டு முழுக்கப் பாட்டுகள், ஆங்கில எழுத்தில். அவருடைய தாத்தா பாடியதைக் காதால் கேட்டு அப்பா எழுதி வைத்தது. அடியில் அர்த்தம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள், இடம் வெறுமையாக இருந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் படிப்பதைக் கேட்டு நான் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், பிடிபட்டால் ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வோம். எலுமிச்சம்பழம் சுலபமாக வந்தது. சூலம் வந்தது. ஒரு வரி முழுவதும் பிடிபட்டபோது பூசாரி பேனாவை எடுத்து வெற்றிடத்தில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

ஒரு பக்கத்தின் தலைப்பில் தாலாட்டு என்று இருந்தது. அவர்களுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஆனால் அம்மனுக்குப் பாடும் பாட்டின் பெயர் என்ற அளவில்தான். அது என்ன என்று கேட்டார்கள்.

"பிள்ளையத் தூங்க வைக்கப் பாடுவோமே, அது" என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்தேன்.

பூசாரி திகைத்துப்போனார். "நாங்கள் அம்மாவைத் தூங்க வைத்துக்கொண்டா இருந்தோம்?"

"கோவமா இருக்கிற அம்மாவ வேற எப்படிச் சாந்தப்படுத்துறது?" என்றார் அப்பா.

அந்தப் பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு முந்தானை மாதிரி போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாச் சொல்லும் பிடிபடவில்லை. பதினோரு சொற்கள் நின்றுவிட்டன. நான் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது ஒன்று உறைத்தது. என் அண்ணன் பிள்ளைகளுக்கு வாட்ஸ்ஆப்பில் நான் தமிழை எழுதுவதும் ஆங்கில எழுத்தில்தான்.

தோற்ற இரவும் வென்ற பகலும்

அன்றிரவே ஆண்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆட்டம். வென்றால்தான் அரையிறுதி. விடுதிக்கு எதிர்த்த கடையில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால். அப்பாவுக்குப் பழைய மரூன் தொப்பி, கையில் மௌபி என்ற மரப்பட்டைக் கசப்புப் பானம், இலவசமாகக் கிடைத்தது. 135 ஓட்டம் போதவில்லை. மழை வந்து இலக்கை 17 ஓவரில் 123 என்று மாற்றினார்கள். கடைசி ஓவரில் ஐந்து ஓட்டம் தேவை. முதல் பந்தையே மார்கோ யான்சென் சிக்சருக்கு அனுப்பினார். நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். யாரோ மூலையிலிருந்து, "அடுத்த மாதம் லார்ட்ஸில் டெஸ்ட் இருக்கு" என்றார். கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அவர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

மறுநாள் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்றது. என் டிக்கெட் பிழைத்தது.

27ஆம் தேதி காலை ஸ்டாப்ரோக் சந்தை மணிக்கூண்டுப் பக்கத்திலிருந்து 42ஆம் எண் மினிபஸ்ஸில் ஏறினோம். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நல்ல மழை. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். எட்டு ஓவர் ஆகி இந்தியா இரண்டு விக்கெட்டுக்கு 65 எடுத்திருந்தபோது மறுபடி மழை. நனைந்துகொண்டே ஆடினார்கள் பார்வையாளர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு கயானா இளைஞர். மேலே இந்தியாவின் நீலச் சட்டை, தலையில் மரூன் தொப்பி. இரண்டும் எப்படி என்று கேட்டேன். "எங்கள் பையன்கள் ஆடினால் தொப்பிதான். அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால் சட்டை" என்றார். அங்கே இந்த விஷயத்தில் பழைய மனக்கசப்புகளும் உண்டு. இந்தியா வந்து ஆடினால் யாருக்குக் கை தட்டுகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார் என்று அவரே சொன்னார். மலேசிய அணிக்குக் கை தட்ட எனக்கு ஒரு வாய்ப்பே வரவில்லையே என்று யோசித்தேன். கின்ராராவில்கூட நான் போனது இறுதியாட்டத்துக்குத்தான்.

ரோகித் 57, சூரியகுமார் 47. தாழ்ந்து வந்த பந்துகளில் அது கஷ்டமான ஆட்டம். இந்தியா 171. பிறகு அக்சர் படேல் தம் முதல் மூன்று ஓவர்களிலும் முதல் பந்திலேயே ஒரு விக்கெட் எடுத்தார். பட்லர், பேர்ஸ்டோ, மொயின் அலி. நான் கத்திக் கத்தித் தொண்டை போனது. இங்கிலாந்து 103க்குச் சுருண்டது. கோலி ஒன்பது ஓட்டத்தில் ஆட்டமிழந்து நடந்து போனதுதான் குறை. அப்பா தோளில் தட்டினார்: "கின்ராராவுல பார்த்த பையன்தானே? வயசாயிருச்சி அவனுக்கும்." இரண்டு நாள் கழித்துப் பார்படோஸ் இறுதியாட்டத்தை விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தோம். கோலி 76 எடுத்து, கிண்ணத்தை வென்று, இதுதான் தம் கடைசி டி20 என்று சொன்னார். அப்பா தூங்கிவிட்டார். மடியில் கைப்பேசி, திரையில் அந்த நோட்டுப் பக்கம்.

கோலாலம்பூரில் இறங்கியபோது மஞ்சள் அட்டையைக் காட்டினோம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

அப்பா இப்போது தினமும் காலையில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு உட்காருகிறார். பழைய தோட்டத்து நண்பர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறார். ஒரு பாட்டி, தொண்ணூறு வயது, இரண்டு சொற்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பெர்பிஸ் ஓட்டுநர் வழியாக அவற்றைப் பூசாரிக்கு அனுப்பினோம். ஞாயிறு இரவு பதில் வந்தது, முப்பது விநாடி தப்புச் சத்தம், பின்னால் பாட்டு. அப்பா அதைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒம்பது இருக்குன்னு எழுது பிள்ள" என்றார்.